அழித்தாலும் திரும்ப வரும் தேடல் பக்கம்: வீட்டுக் கம்ப்யூட்டரை எப்படிச் சரி செய்வது?

அம்பைத் தங்கச்சி:

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப்தான் பிரச்சினை. விண்டோஸ் 11. எல்லாருக்கும் ஒரே லாகின். அப்பா பட்டா, வில்லங்கம் பார்ப்பார், கரண்ட் பில் கட்டுவார். அம்மாவுக்குச் சமையல் வீடியோ. தம்பி பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறான், லீவுக்கு வந்தால் கேம், சினிமா எல்லாம் இதில்தான்.

இப்போது குரோமைத் திறந்தால் கூகுள் வருவதில்லை. பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. எதைத் தேடினாலும் மேலே முகவரி படபடவென்று மாறி வேறெங்கோ போய் நிற்கிறது. வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று சிவப்புப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்பா பயந்துபோய் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்.

எக்ஸ்டென்ஷன் (குரோமோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன சாஃப்ட்வேர்) பக்கத்தில் நாங்கள் யாரும் போடாத இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்கு 'அகற்று' பொத்தான் இருக்கிறது, இன்னொன்றுக்கு அதுவும் இல்லை. குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வேறு போட்டிருக்கிறது. வீட்டில் ஏது நிறுவனம்? அப்பாவே ரிட்டயர்டு. குரோமை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டேன். பொத்தான் இல்லாதது உடனே வந்துவிட்டது. மற்றது நான் ஜிமெயிலில் லாகின் செய்ததும் வந்தது. என்ன செய்யலாம்?

சந்திப்பு சர்வீஸ்:

ஃபார்மட் போடு தாயி. அரை நாள் வேலை. நிம்மதி.

பேட்டைக்காரன்:

வந்துட்டார்யா அண்ணாச்சி. மவுஸில் பேட்டரி தீர்ந்தாலும் ஃபார்மட்தான்.

சந்திப்பு சர்வீஸ்:

சிரியும் வே, சிரியும். ஒரு நாள் கடையில் வந்து உட்கார்ந்து பாரும். கஸ்டமர் கொடுக்கிற காசுக்கு மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. டேட்டாவை எடுத்து வைத்துவிட்டு சி டிரைவைத் துடைத்துக் கொடுத்தால் அதற்கு நான் பொறுப்பு. தேடித் தேடி எடுத்தால் ஒன்று விட்டுப்போகும். 'அண்ணாச்சி, மறுபடி வந்துட்டு' என்று அதே சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்போது என் பேர்தான் கெடும்.

வள்ளியூர்க் காற்று:

அண்ணாச்சி கடைக்கு அது சரியான கணக்குதான். ஆனால் தங்கச்சி எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். ஜிமெயிலில் லாகின் செய்ததும் ஒன்று வந்திருக்கிறது. அது டிஸ்கில் இல்லை, குரோம் சிங்க் (புக்மார்க், எக்ஸ்டென்ஷன்களை எல்லா மெஷினிலும் ஒன்றாக வைக்கும் வசதி) வழியாகக் கூகுள் கணக்கில் இருக்கிறது. நீங்கள் ஃபார்மட் போட்டுக் கொடுத்தாலும் வீட்டுக்குப் போய் லாகின் செய்தவுடன் அது இறங்கிவிடும். பழியும் உங்கள் மேல்தான் விழும்.

பொத்தான் இல்லாதது வேறு வழியில் வருகிறது. ஆபீஸ்களில் நாங்கள் எல்லா மெஷினிலும் ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக ஏற்ற 'பாலிசி' என்று ஒன்று வைப்போம். பணியாளர் அதை எடுக்க முடியாது. அதே வசதியைத்தான் இந்த ஆட்வேர்காரன் (விளம்பரத்தைத் திணிக்கும் சாஃப்ட்வேர் விடுகிறவன்) வீட்டுக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தியிருக்கிறான். அதனால்தான் வீட்டில் இல்லாத நிறுவனம் நிர்வகிக்கிறது. குரோமை எடுத்தாலும் பாலிசி, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே கிடக்கும். புதிதாகப் போட்ட குரோம் அதைப் படித்துவிட்டு முதல் வேலையாக எக்ஸ்டென்ஷனை இறக்கிக்கொள்ளும்.

சரி, பாலிசியை அழித்தால் போதுமா என்றால் போதாது. பல நேரம் அந்தப் பாலிசியைத் திரும்ப எழுதுவதற்கென்றே குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை உட்கார்ந்திருக்கும். கன்னடியன் கால்வாயில் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு வயலில் தண்ணீரை இறைத்த கதைதான். மேலிருந்து கீழே வர வேண்டும்: முதலில் டாஸ்க், பிறகு பாலிசி, அப்புறம் எக்ஸ்டென்ஷன், கடைசியில் சிங்க். இந்த வரிசை மாறினால் மறுபடி மறுபடி அழித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தென்காசிச் சாரல்:

அதற்கு முன்னால் அந்தச் சிவப்புப் பெட்டிகளை நிறுத்திவிடலாம், அப்பாவுக்காவது நிம்மதி. அவை பெரும்பாலும் வைரஸே அல்ல. 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோவ் அழுத்துங்கள்' என்று ஏதாவது ஒரு பக்கம் கேட்டிருக்கும், யாராவது அழுத்தியிருப்பார்கள். அந்த அலோவ், நோட்டிபிகேஷன் அனுப்பக் கொடுத்த அனுமதி. அன்றிலிருந்து அவன் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ். அனுமதித்த தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கு. மேலேயே 'எந்தத் தளமும் கேட்கக் கூடாது' என்ற மாதிரி ஒரு தேர்வு இருக்கும், அதையும் வைத்துவிடு.

எங்கள் ஸ்கூல் லேபில் 'வைரஸ் வந்துட்டு டீச்சர்' என்று பிள்ளைகள் ஓடி வந்தால் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். அநேகமாக அங்கேயே விஷயம் முடிந்துவிடும்.

அம்பைத் தங்கச்சி:

டீச்சர், சொன்ன இடத்துக்குப் போனேன். பட்டியல் ஸ்க்ரோல் செய்யும் அளவுக்கு இருந்தது! பாதி, எழுத்தும் எண்ணும் கலந்த வாயில் நுழையாத பெயர்கள். எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். பெட்டிகள் நின்றுவிட்டன. ஆனால் தேடல் பக்கம் அப்படியே இருக்கிறது.

வள்ளியூர்க் காற்று:

நல்லது. இப்போது மற்றது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் குரோமில் சிங்கை ஆஃப் மட்டும் செய்யுங்கள், அதைத் துடைப்பது கடைசியில். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போய்ப் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பிரச்சினை ஆரம்பித்த சமயத்தில் ஒரே நாளில் நாலைந்து ஏறியிருந்தால் அந்தக் கும்பல்தான். பிடிஎஃப் கன்வெர்ட்டர், டிரைவர் அப்டேட்டர், 'பிசி கிளீனர்' இந்த மாதிரிப் பெயர்கள் அதிகம் வரும். அவற்றை எடுங்கள்.

அடுத்து ஆட்வ்கிளீனர், ஆட்வேரைத் தேடி எடுக்கும் கருவி. இலவசம், இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். 2016-இல் இருந்து மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் தளத்திலிருந்தே எடுங்கள். கெட்டுப்போன அந்தத் தேடலில் 'ஆட்வ்கிளீனர்' என்று தேடி முதலில் வருவதைக் கிளிக் செய்யாதீர்கள், இன்னொரு ஆட்வேரைத்தான் கொண்டுவந்து வைப்பான். சந்தேகமாக இருந்தால் போனில் இறக்கி யுஎஸ்பி கேபிள் போட்டு மாற்றுங்கள். ஸ்கேன், குவாரன்டைன் (கண்டதைத் தனியே அடைத்து வைப்பது), ரீஸ்டார்ட்.

இப்போது ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர். இடது பக்கம் லைப்ரரியைச் சொடுக்கினால் நடுவில் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் தொட்டுக் கீழே 'ஆக்‌ஷன்ஸ்' டேபைப் பாருங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட், எட்ஜ், பிரிண்டர் சம்பந்தப்பட்டவை இருக்கும். பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், எதை ஓட்டுகிறது என்று பாருங்கள். பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவி) என்று இருந்து, பின்னால் 'ஹிட்டன்', 'பைபாஸ்' என்ற சொற்கள் இருந்தால் அந்த வரியை இங்கே எழுதுங்கள். அழிக்கும் முன் சொல்லுங்கள்.

பேட்டைக்காரன்:

ஒரு கேள்வி. என் தேடலை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவதில் அவனுக்கு என்ன கிடைக்கிறது? நான் தேடுவது இருட்டுக்கடை அல்வா எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதுதான்.

வள்ளியூர்க் காற்று:

அந்த அல்வாவிலும் காசு இருக்கிறது. தேடல் முடிவுகளில் விளம்பரம் இருக்கிறது அல்லவா? உங்கள் தேடலைத் தன் பக்கம் வழியாகச் சுற்றி அனுப்பினால், நீங்கள் விளம்பரத்தைத் தொடும்போது அவனுக்கு ஒரு பங்கு. போகிற வழியில் நீங்கள் என்ன தேடினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறான். ஒருவரிடம் பைசாக் கணக்குதான், ஆனால் ஆட்கள் எண்ணிக்கை பெரிது. 2017-இல் ஃபயர்பால் என்ற ஹைஜாக்கர் (இப்படித் தேடலைக் கடத்தும் சாஃப்ட்வேர்) உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர்களில் இருப்பதாகச் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்குச் சொன்னது, அதில் இந்தியாவில் மட்டும் 2.5 கோடி. அந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. மறுத்ததையே எடுத்துக்கொண்டாலும் சின்ன வியாபாரம் இல்லை. இலவச சாஃப்ட்வேரோடு இதையும் சேர்த்து ஏற்றிவிடுகிறவனுக்கு இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று தனியாகக் கிடைக்கும்.

அம்பைத் தங்கச்சி:

அண்ணா, தேதி வாரியாகப் பார்த்ததில் ஒரே நாளில் பிடிஎஃப் கன்வெர்ட்டர், வீடியோ டவுன்லோடர், இன்னும் ஏதோ ஒன்று. எடுத்துவிட்டேன். ஆட்வ்கிளீனர் ஒரு பட்டியலே கொடுத்தது, அதையும் குவாரன்டைன் செய்தாயிற்று. ரீஸ்டார்ட் ஆனதும் பொத்தான் இல்லாத எக்ஸ்டென்ஷன் மட்டும் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

டாஸ்க் ஷெட்யூலரில் ஒன்று பார்த்தேன். பெயர் ஏதோ அப்டேட் சர்வீஸ் மாதிரி இருக்கிறது. ட்ரிக்கர்ஸில் 'லாகின் ஆகும்போது' என்றும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றும் இரண்டு. ஆக்‌ஷன்ஸில் நீங்கள் சொன்ன மாதிரியே பவர்ஷெல், விண்டோஸ்டைல் ஹிட்டன், எக்ஸிக்யூஷன்பாலிசி பைபாஸ், அதன் பிறகு சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32-க்குள் இருக்கும் ஒரு பிஎஸ்1 ஃபைல்.

வள்ளியூர்க் காற்று:

ஆள் சிக்கிவிட்டான். இது நன்றாகத் தெரிந்த வகைதான். 2024 ஆகஸ்டில் ரீசன்லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதே முறையைப் பற்றி எழுதியது. விஎல்சி வீடியோ பிளேயர், கீபாஸ் பாஸ்வேர்டு மேனேஜர், ரோப்லாக்ஸ் கேமுக்கான கருவி இவற்றின் தளம் போலவே போலிப் பக்கம் வைத்து, விளம்பரம் கொடுத்து இறக்க வைத்தார்கள். ஏறியதும் டாஸ்க் ஒன்று பதிவாகும், அது பவர்ஷெல்லை ஓட்டும், பவர்ஷெல் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி எழுதும், பாலிசி குரோமிலும் எட்ஜிலும் எக்ஸ்டென்ஷனைத் திணிக்கும். குறைந்தது 3 லட்சம் பேர் மாட்டியதாகச் சொன்னார்கள். டெவலப்பர் மோடை ஆன் செய்தாலும் அந்த எக்ஸ்டென்ஷனை எடுக்க முடியாது. தங்கச்சி வீட்டில் இருப்பது அதேதான் என்று சொல்லவில்லை, வேலை செய்யும் விதம் அதுதான்.

செய்ய வேண்டியது: குரோம், எட்ஜ் இரண்டையும் மூடுங்கள். அந்த டாஸ்க்கை வலது கிளிக் செய்து டிலீட். பிறகு அந்த பிஎஸ்1 ஃபைல். அந்த ஒரு ஃபைலை மட்டும், சிஸ்டம்32-இல் பக்கத்தில் இருக்கும் எதையும் தொட வேண்டாம். அடுத்து ரெஜிஸ்ட்ரி எடிட்டர். எச்கேஎல்எம் (எச்கீ லோக்கல் மெஷின்), சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்று இறங்குங்கள். அங்கே 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு அந்தக் குரோம் கீயை, அதாவது குரோம் என்ற அந்த ஃபோல்டரை அழியுங்கள். எச்கேசியு-வில் (எச்கீ கரன்ட் யூசர்) அதே பாதை, பாலிசிஸுக்குள் மைக்ரோசாஃப்ட், எட்ஜ், இவற்றையும் பாருங்கள்.

அழித்த பிறகும் பாலிசி திரும்ப முளைத்தால் சிஸ்டம்32-க்குள் 'குரூப்பாலிசி' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரில் ரெஜிஸ்ட்ரி.போல் என்ற ஃபைல் இருக்கிறதா பாருங்கள். சில ஹைஜாக்கர்கள் அங்கேயும் எழுதி வைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை எடுத்துவிடலாம். ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வேலையெல்லாம் செய்யக் கூடாது, அங்கே நிஜமாகவே நிறுவனம் நிர்வகிக்கிறது.

கடைசியாகக் குரோமைத் திறந்து, முகவரிப் பட்டையில் குரோம்://பாலிசி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

சந்திப்பு சர்வீஸ்:

டெஸ்க்டாப்பில் இருக்கிற குரோம் ஐகானையும் பாரு தாயி. வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டார்கெட். அந்தக் கட்டத்துக்குள் கர்சரை வைத்து எண்ட் கீயை அழுத்து, இல்லாவிட்டால் வால் தெரியாது. குரோம்.இஎக்ஸ்இ, அப்புறம் மேற்கோள்குறி, அதோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு வெப்சைட் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழி. டாஸ்க்பாரில் பின் செய்த ஐகான் தனி, அதையும் பார்க்க வேண்டும். எல்லாம் சுத்தம் செய்த பிறகும் திறந்தவுடன் அதே பக்கம் வருகிறது என்று வருகிற மெஷின்களில் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸி, நெட்டை வேறு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் வசதி. 'யூஸ் எ பிராக்ஸி சர்வர்' ஆனில் இருந்தால் ஆஃப்.

பேட்டைக்காரன்:

அண்ணாச்சி ஃபார்மட் தவிர வேறு வேலையும் தெரிந்து வைத்திருக்கிறார்!

பத்திர எழுத்தர், சங்கரன்கோவில்:

எங்கள் தொழிலில் இது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஒருவர் பழைய பத்திரத்தைப் பாமினி எழுத்துருவில் கொண்டுவருவார், இன்னொருவர் வானவில்லில். எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். உடனே 'தமிழ் ஃபான்ட் இலவசம்' என்று தேடினால் பச்சை நிறத்தில் பெரிய பெரிய டவுன்லோட் பொத்தான்கள். உண்மையான இணைப்பு கீழே சின்னதாக ஒளிந்திருக்கும். எழுத்துரு என்றால் டிடிஎஃப் ஃபைல், இஎக்ஸ்இ வந்தாலே உஷாராக வேண்டும். தட்டச்சுக்கென்று தனி சாஃப்ட்வேரே வேண்டியதில்லை, விண்டோஸ் 11-இலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

தங்கச்சியின் அப்பாவுக்கும் ஒன்று: பட்டாவோ வில்லங்கச் சான்றோ, முகவரிப் பட்டையில் தளத்தின் பெயர் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் அல்லது டாட் கவ் டாட் இன் என்று முடிகிறதா பார்த்துவிட்டுத்தான் சர்வே எண் கொடுக்க வேண்டும். தேடலில் மேலே விளம்பரம் என்று போட்டு வருகிற இடமெல்லாம் சர்க்கார் இல்லை. ஒரு தடவை சரியான பக்கத்தைத் திறந்து புக்மார்க் போட்டுக் கொடுத்துவிடுங்கள், தேடுகிற வேலையே இருக்காது.

அம்பைத் தங்கச்சி:

டாஸ்க் போய்விட்டது, பிஎஸ்1 போய்விட்டது. ரெஜிஸ்ட்ரியில் ஃபோர்ஸ்லிஸ்ட் குரோமிலும் இருந்தது, எட்ஜிலும் இருந்தது. எட்ஜை நாங்கள் திறப்பதே இல்லை! எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டு இரண்டையும் அழித்தேன். அண்ணாச்சி சொன்ன டார்கெட் கட்டத்தில் எண்ட் அழுத்தினால் ஒரு முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது, டாஸ்க்பார் ஐகானில் மட்டும். பாலிசி பக்கம் காலி. 'நிறுவனம் நிர்வகிக்கிறது' வரி காணோம். ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், வரவில்லை. ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தேன், அப்போதும் வரவில்லை.

சிங்க்கை இப்போது ஆன் செய்யலாமா?

வள்ளியூர்க் காற்று:

உடனே வேண்டாம். வேறு சுத்தமான கம்ப்யூட்டரில் கூகுள் கணக்கின் குரோம் சிங்க் பக்கத்தைத் திறந்து, அடியில் இருக்கும் 'டிலீட் டேட்டா'வை அழுத்துங்கள். அது சர்வரில் இருப்பதைத்தான் அழிக்கும், உங்கள் மெஷினில் இருக்கும் புக்மார்க், பாஸ்வேர்டு போகாது. பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோமை ஒரு தடவை ரீசெட் செய்யுங்கள். அதிலும் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் நிற்கும், எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும். அந்தப் பொத்தான் உள்ள எக்ஸ்டென்ஷனை அப்போது அகற்றுங்கள். அதன் பிறகு சிங்க் ஆன். உங்கள் கணக்கு வேறு எந்த லேப்டாப்பில் இருந்தாலும் அதையும் பார்த்துவிடுங்கள், அங்கிருந்து ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் செக்யூரிட்டியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்றையும் ஓட்டுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும், சுமார் கால் மணி நேரம். ஒளிந்திருப்பது எதுவும் அப்போது விழித்திருக்காது.

முக்கியமானது பாஸ்வேர்டு. 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன் நீங்கள் தட்டுவதையும் பார்க்க முடியும். ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். ஜிமெயிலில் எல்லா டிவைஸ்களிலும் லாக் அவுட் கொடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தெரியாத வரவு செலவு இருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன்.

தென்காசிச் சாரல்:

அப்பாவிடம் இதையும் சொல்லிவை. எப்போதாவது முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு, சைரன் ஒலியோடு, 'இந்த எண்ணுக்கு போன் செய்யுங்கள்' என்று வரும். மைக்ரோசாஃப்ட் பெயரும் இருக்கும். போன் செய்தால், தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் போடச் சொல்வான், அப்புறம் பணம் கேட்பான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் வராது. எஸ்கேப் கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் குரோமை முடித்துவிடலாம். மெயின் சுவிட்சுக்கு ஓட வேண்டாம், ஹார்ட் டிஸ்க் பாவம்.

சந்திப்பு சர்வீஸ்:

வேலை ஆனது சந்தோஷம். ஆனாலும் ஃபார்மட்டை இவ்வளவு கேவலமாகப் பேச வேண்டாம். டாஸ்க், பாலிசி என்று பார்க்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் வழி.

வள்ளியூர்க் காற்று:

மறுக்கவில்லை அண்ணாச்சி. சிங்க்கைத் துடைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கிப் போட்டால் ஃபார்மட் நல்ல வைத்தியம். லைசென்ஸோடு வந்த மெஷின் என்றால் நெட் கொடுத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், கீ தேட வேண்டாம். நான் பயப்படுவது இன்னொரு ரக ஃபார்மட்டுக்கு. கடையில் கிடக்கும் பென்டிரைவில் யாரோ செய்த விண்டோஸ், அதோடு லைசென்ஸ் இல்லாமலே ஓட வைக்கும் ஒரு ஆக்டிவேட்டர், அது ஓடுவதற்காக டிஃபெண்டரை ஆஃப் செய்து கொடுப்பது. அது நோய்க்கு மறுபடி கதவைத் திறந்து வைப்பது. உங்களைச் சொல்லவில்லை.

சந்திப்பு சர்வீஸ்:

என்னைச் சொல்லவில்லை என்று தெரியும். சொல்கிற ஆட்களும் இங்கே படிக்கத்தான் செய்கிறார்கள்.

அம்பைத் தங்கச்சி:

எல்லாம் முடிந்தது. தம்பி திரும்ப ஏற்றாமல் இருக்க வழி?

வள்ளியூர்க் காற்று:

அவனுக்குத் தனியாக ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் போடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். பெரும்பாலானவற்றை ஏற்ற உங்களைக் கேட்கும். அப்பாவுக்கும் அதேதான், கோபித்துக்கொள்ள மாட்டார். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் ப்ரௌசர் கண்ட்ரோல், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் போய் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' ஆனில் இருக்கிறதா பாருங்கள், அதில் இரண்டு டிக்கும் இருக்கட்டும். விளம்பரம் தடுக்க ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின். குரோமில் இப்போது அதன் லைட் பதிப்புதான் ஓடும்.

பேட்டைக்காரன்:

எங்கள் வீட்டில் போனிலும் இப்படி விளம்பரம் வருகிறது. வைஃபையை ஆஃப் செய்து சிம் டேட்டாவில் பார்த்தால் வருவதில்லை.

வள்ளியூர்க் காற்று:

அப்படியென்றால் போனை விட்டுவிட்டு ரௌட்டரைப் பாருங்கள். டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் காட்டும் சர்வரின் முகவரியை யாராவது மாற்றியிருக்கலாம். ரௌட்டரை ரீசெட் செய்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். ரீசெட் செய்தால் நெட் கனெக்ஷனின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் மறுபடி கேட்கும், கேபிள்காரரிடம் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திர எழுத்தர், சங்கரன்கோவில்:

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் இருக்கிறது. விண்டோஸ் 7. அதிலும் இதே தொல்லை. சுத்தம் செய்து பத்திர வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

வள்ளியூர்க் காற்று:

சுத்தம் செய்யலாம், ஆனால் பிரயோஜனம் குறைவு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. பேங்க் வேலை, பதிவுத்துறை லாகின் எதற்கும் வேண்டாம். லினக்ஸ் போட்டால் இந்த ரக ஆட்வேர் ஒன்றும் ஓடாது. சும்மா டைப் செய்யவும் பிரிண்ட் எடுக்கவும் தாராளம். பாமினி, வானவில் டிடிஎஃப் ஃபைல்கள் அதிலும் வேலை செய்யும்.

சந்திப்பு சர்வீஸ்:

ஜங்ஷன் பக்கம் வந்தால் கொண்டு வாரும். எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றித் தருகிறேன். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாரும், அந்த வயசு பேட்டரி நிற்காது. பிரிண்டர் என்ன மாடல் என்று முதலில் சொல்லும், டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வைக்கிறேன்.